ஸ்டாண்ட்-அப் காமெடி: முதல் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேர சோலோ வரை

சென்னை ஓப்பன் மைக்குகளில், அதாவது பெயர் கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற மேடைகளில், பின்வரிசையில் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தால் ஒன்று பிடிபடும். வருகிறவர்களில் நகைச்சுவையே வராதவர்கள் குறைவு. வேலையை வரிசை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம். ஒரு ஜோக்கை நாலு மேடையில் சொல்லிப் பார்ப்பதற்குள் ரீல் போட்டுவிடுகிறார்கள். கையில் பத்து நிமிடம் இல்லாமல் டிக்கெட் ஷோ அறிவிக்கிறார்கள். சிலர் வேலையை விட்டுவிட்டு அதற்கப்புறம்தான் எழுதவே உட்காருகிறார்கள்.

இந்தத் தொழிலில் சொத்து என்றால் நிமிடங்கள்தான். முன்பின் தெரியாதவர்கள் முன்னால், எந்த ஊரில் சொன்னாலும் சிரிப்பு வாங்கித் தரும் நிமிடங்கள். முதலில் அவற்றைச் சேர்க்க வேண்டும், அப்புறம் காப்பாற்ற வேண்டும், கடைசியில்தான் விற்க வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசைதான். தமிழில், சென்னையை மையமாக வைத்துச் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாதச் சம்பளமோ வேறு வருமானமோ இருக்கட்டும். ஓப்பன் மைக்கில் காசு கிடையாது. பெட்ரோல், காபி எல்லாம் உங்கள் செலவு. வீட்டு வாடகை கவலையோடு மேடை ஏறினால் அவையோர் சிரிக்காத ஒவ்வொரு நொடியும் பெரிதாகத் தெரியும். புதிதாக எதையும் முயன்று பார்க்கத் துணிச்சல் வராது.

வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் காலியாக வேண்டும். மாதம் ஒரு தடவை ஏறினால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான், பயம் குறையாது. நிகழ்ச்சி முடிய இரவு பத்தரை ஆகலாம். வீடு திரும்ப வழி என்ன என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பெண்கள் முதல் ஒன்றிரண்டு முறை தோழியோடு போவது நல்லது. நேரம் தள்ளிப்போனால் சீக்கிரம் ஏறிவிட்டுக் கிளம்ப முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கலாம். ஒழுங்காக நடத்துகிற யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

பொருள் என்று பார்த்தால் ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்ய ஒரு போன். அவ்வளவுதான்.

பெயர் கொடுக்கும் முன் பார்வையாளராக ஒன்றிரண்டு ஓப்பன் மைக்குகளுக்குப் போய்வாருங்கள். யூடியூபில் பார்ப்பது வடிகட்டி எடுத்த சரக்கு. ஓப்பன் மைக்கில்தான் சிரிப்பு வராத ஜோக்கும், அந்த மௌனத்தை ஒருவர் எப்படித் தாண்டுகிறார் என்பதும் தெரியும்.

கல்லூரிப் பட்டிமன்றத்திலிருந்தோ டிவி காமெடிப் போட்டி பாணியிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குரல் ஏற்ற இறக்கமும் மிமிக்ரியும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் தலைப்பை நடுவர் கொடுத்துவிடுகிறார். டிவியில் கெட்டப்பும் பின்னணிச் சத்தமும் தாங்கிப் பிடிக்கும். இங்கே ஒரு மைக், ஒரு ஆள். அந்த ஆள் எதை எப்படிப் பார்க்கிறான் என்பதற்குத்தான் சிரிக்கிறார்கள்.

2. முதல் ஐந்து நிமிடத்தை எழுதுவது

ஜோக் எழுத உட்காராதீர்கள், புகார் எழுதுங்கள். உங்களை உண்மையிலேயே எரிச்சல்படுத்துவது, பயமுறுத்துவது, வெட்கப்பட வைப்பது என்று ஒரு பட்டியல் போடுங்கள். உணர்ச்சி இருக்கிற இடத்தில் விவரம் தானாக வரும். விவரம் இருந்தால் ஜோக் செய்துவிடலாம். 'கல்யாணம்', 'ஐ.டி. வேலை', 'சென்னை வெயில்' என்று தலைப்பிலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே பத்துப் பேர் சொன்னதுதான் உங்களுக்கும் தோன்றும்.

புதியவர் ஒருவர் முதல் வாரத்தில் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்க வீட்டுல வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கினோம். ரொம்ப நல்ல மெஷின், நிறைய ஸ்டேஜ்ல சுத்தம் பண்ணும். ஆனா எங்கப்பா என்ன பண்ணுவார்னா, அதுல வர்ற தண்ணியத் திரும்பவும் காய்ச்சித்தான் குடிப்பார். ஏன்னா அவருக்கு மெஷின் மேல நம்பிக்கையே இல்ல. இப்படித்தான் இருக்கு எங்க வீடு."

விஷயம் நன்றாக இருக்கிறது. சிரிப்புதான் வராது. ஏனென்றால் ஆச்சரியம் நடுவிலேயே தீர்ந்துபோகிறது, அதன்பின் விளக்கம் ஓடுகிறது. இதையே வெட்டினால்:

"எங்க வீட்டு வாட்டர் ப்யூரிஃபையர் பதினெட்டாயிரம் ரூபாய். ஏழு ஸ்டேஜ்ல சுத்தம் பண்ணும். எட்டாவது ஸ்டேஜ், எங்கப்பா."

முதல் இரண்டு வாக்கியம் செட்டப். கேட்பவரை ஒரு திசையில் நடக்க வைக்கிறது. கடைசிச் சொல் பன்ச். அங்கே நிறுத்திச் சிரிப்புக்கு இடம் விட்டு, அப்புறம் டேக்: "காய்ச்சி, ஆற வெச்சு, பாட்டில்ல ஊத்தி, மேல 'நல்ல தண்ணி'னு எழுதி வெப்பார்." புதிய செட்டப் இல்லாமலே இரண்டாவது சிரிப்பு கிடைக்கிறது. ஒரு நல்ல செட்டப்பிலிருந்து இரண்டு மூன்று டேக் எடுக்க முடியாவிட்டால் ஐந்து நிமிடத்தை நிரப்ப ஏகப்பட்ட செட்டப் தேவைப்படும், கேட்பவருக்கும் களைப்பு.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. "எட்டாவது ஸ்டேஜை எங்கப்பாதான் பண்றார்" என்று இலக்கணமாகச் சொன்னால் ஆச்சரியம் 'அப்பா'விலேயே வெடித்துவிடும், அதன்மேல் 'பண்றார்' வந்து உட்கார்ந்துவிடும். பேச்சுத்தமிழ் வாக்கியத்தைப் புரட்டிப்போட இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தி, ஆச்சரியமான சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வினையை முன்னால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் வெட்டி எறியுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பன்ச் வரியிலும் கடைசிச் சொல்லை வட்டமிட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் 'இருக்கு', 'பண்றாங்க', 'அப்படின்னு சொன்னார்' என்று வந்தால் வரியை மாற்ற வேண்டும்.

கால்பேக், அதாவது முன்பு சொன்ன ஜோக்கைப் பின்னால் மறுபடி தொடுவது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஐந்து நிமிடம் முடியும்போது பெண் பார்க்கும் கதை வருகிறது என்று வையுங்கள். ஜாதகம் பார்த்தாச்சு, ஆபீசில் விசாரிச்சாச்சு, பக்கத்து வீட்டில் கேட்டாச்சு... "ஏழு ஸ்டேஜ் முடிஞ்சுது." அங்கே நிறுத்தினால் போதும். மீதியை அவையே முடித்துக்கொள்ளும். ஆனால் முதல் ஜோக்குக்குச் சிரிப்பு வராத நாளில் இந்தக் கால்பேக்கைச் சொல்லாதீர்கள். நினைவில் நிற்காததை யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள முடியாது.

3. வாய்விட்டுச் சொல்லி நேரம் பார்ப்பது

ஐந்து நிமிட இடத்துக்கு நான்கு நிமிடம் மட்டும் எழுதுங்கள். சிரிப்பு வந்தால் அதற்கு நேரம் ஆகும். வராவிட்டால் நான்கு நிமிடத்தில் இறங்குவதே மரியாதை.

வரிக்கு வரி மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுபோகும். ஒப்பிப்பது கேட்பவருக்கும் தெரிந்துவிடும். செட்டப் எப்படி வேண்டுமானாலும் வரட்டும், பன்ச் வரி மட்டும் சொல் மாறாமல் இருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில் 'தண்ணி – பஸ் – பெரியம்மா – ஜாதகம்' என்று வரிசை எழுதிக்கொண்டால் போதும். நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்வதற்கும் வாயால் சொல்வதற்கும் நேரக்கணக்கு ஒத்துவராது.

வீட்டாரிடமும் நண்பர்களிடமும் சோதிக்காதீர்கள். அவர்களுக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், செட்டப் இல்லாமலே சிரிப்பார்கள். அல்லது உங்கள் மனம் நோகக்கூடாது என்று சிரிப்பார்கள். இரண்டுமே தப்பான அளவு.

4. ஓப்பன் மைக்கில் இடம் பிடிப்பது

நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் தேதி போட்டு, ஒரு படிவத்திலோ வாட்ஸ்அப்பிலோ பெயர் வாங்குவார்கள். பெயர் கொடுக்கும்போது தமிழா ஆங்கிலமா என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் இரண்டும் கலந்த மேடைகள் உண்டு, ஆங்கிலம் மட்டும் ஓடுகிற இடங்களும் உண்டு. முழுத் தமிழில் எழுதியதை அங்கே போய் நின்ற இடத்திலேயே மொழிபெயர்த்தால் எதுவும் நிற்காது.

ஆரம்பிக்கும் முன் போய்ச் சேருங்கள், கடைசி ஆள் இறங்கும்வரை இருங்கள். உங்கள் முறை முடிந்ததும் நண்பர் கூட்டத்தோடு வெளியேறுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய அநாகரிகம். அடுத்து ஏறுகிறவருக்கு அரை அரங்கம் காலி. ஏற்பாட்டாளர் இதை மறப்பதே இல்லை.

பின்னாலிருந்து போன் வெளிச்சம் காட்டுவார்கள். அதுதான் 'லைட்'. பெரும்பாலும் ஒரு நிமிடம் மிச்சம் என்று பொருள். எந்தக் கணக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லைட் பார்த்ததும் சொல்லிக்கொண்டிருக்கிற பிட்டை (ஒரே விஷயத்தைச் சுற்றிய ஜோக்குத் துண்டை) முடித்துவிட்டு இறங்க வேண்டும். நன்றாகச் சிரிக்கிறார்கள் என்று இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் வரிசையில் கடைசியாக இருக்கிறவரின் நேரத்தைத் தின்கிறீர்கள். நேரத்துக்கு இறங்குகிற சுமாரான ஆளுக்கு மறுபடி இடம் கிடைக்கும். நேரம் மீறுகிற நல்ல ஆளுக்குக் கிடைப்பது சந்தேகம்.

உங்கள் ஊரில் ஓப்பன் மைக் இல்லையா? நீங்களே தொடங்குங்கள். வாரநாளில் கூட்டமில்லாத ஒரு காபிக் கடை, முப்பது நாற்காலி, ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக் போதும். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள். முப்பது பேர் நூறு பேர் கூடத்தில் சிதறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கவில்லையே என்று ஒவ்வொருவரும் அடக்கிக்கொள்வார்கள்.

5. மேடையில் முதல் நிமிடம்

மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்ததும் ஸ்டாண்டை உங்களுக்குப் பின்னால் நகர்த்துங்கள். முன்னால் விட்டால் உங்களுக்கும் அவைக்கும் நடுவே ஒரு கம்பி நிற்கும், கையும் அதையே பிடித்து ஆடிக்கொண்டிருக்கும். மைக் தலைக்கூண்டைக் கையால் மூடாதீர்கள். சத்தம் மொத்தையாகும், கீச்சென்ற இரைச்சலும் வரும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் அதே இரைச்சல்தான். வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் பிடித்து, தலையைத் திருப்பும்போது மைக்கையும் சேர்த்துத் திருப்புங்கள். பல ஜோக்குகள் செத்துப்போவது கடைசிச் சொல் காதில் விழாததால்தான்.

"எல்லாருக்கும் வணக்கம், எப்படி இருக்கீங்க, சாப்ட்டீங்களா" என்பதிலேயே முக்கால் நிமிடம் போய்விடும். ஹோஸ்ட் அதை ஏற்கெனவே செய்துவிட்டார். "இதுதான் எனக்கு முதல் தடவை" என்றும் சொல்ல வேண்டாம். கேட்பவர்கள் உங்களுக்காகக் கவலைப்பட ஆரம்பிப்பார்கள், கவலையில் யாருக்கும் சிரிப்பு வராது. முதல் அரை நிமிடத்துக்குள் முதல் பன்ச் வந்தாக வேண்டும். பார்த்ததும் அவர்கள் மனதில் எழக்கூடியது எதுவோ, உயரம், குரல், மீசை, பெயர், அதிலிருந்து ஒரு சின்ன ஜோக் எடுத்தால் சுலபம்.

சிரிப்பு எழும்போது அதன்மேல் பேசாதீர்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. பதற்றத்தில் எல்லோரும் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். அவை ஒன்றிரண்டு தடவை பாதியில் வெட்டுப்பட்டால் அப்புறம் சிரிப்பதையே நிறுத்திக்கொள்ளும்.

சிரிப்பு வரவில்லை என்றால்? அடுத்த ஜோக்குக்குப் போங்கள், அவ்வளவுதான். "இது ஜோக்குங்க", "இன்னிக்கு ஆடியன்ஸ் டல்லா இருக்கு" என்று அவையைக் குறைசொன்னால் சிரிக்கத் தயாராக இருந்த நாலு பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒருவர் குரல் கொடுத்தால் முதல் தடவை சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். பெரும்பாலான ஹெக்ளர்கள் உதவுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

6. பதிவைக் கேட்பது

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். தன் குரலைக் கேட்கக் கூச்சம். ஆனால் மேடையில் உங்கள் காது சரியாக வேலை செய்யாது. நன்றாகப் போனதாக நினைத்த நாளில் உண்மையில் இரண்டு நண்பர்கள் மட்டும் சிரித்திருப்பார்கள். மோசம் என்று நினைத்த நாளில் நல்ல டேக் ஒன்று வாயில் தானாக வந்திருக்கும், நினைவில் இருக்காது.

போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைக்காமல் முன்வரிசை மேஜையில் வையுங்கள். அவையின் சத்தமும் வேண்டும். மறுநாள் கேட்டு, ஒவ்வொரு பன்சுக்கும் நேராக ஒரு குறி போடுங்கள்: பெரிய சிரிப்பு, சின்னச் சிரிப்பு, மௌனம். நிமிடத்துக்கு மூன்று நான்கு இடத்திலாவது சிரிப்பு இல்லையென்றால் அந்த நிமிடம் இன்னும் நிமிடமாகவில்லை.

மௌனத்துக்குக் காரணம் தேடும்போது இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று, வரி கேட்டதா? குரல் தாழ்ந்திருக்கலாம். இரண்டு, செட்டப் புரிந்ததா? தூத்துக்குடிக்காரர் வீட்டு வழக்கம் சென்னைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு சொல் விளக்கம் முன்னாலேயே வர வேண்டும். மூன்று, பன்ச் சொல் கடைசியில் இருக்கிறதா? நான்கு, செட்டப் நீளமா? கடைசியாகத்தான் ஜோக்கே சரியில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். புதியவர்கள் நேராகக் கடைசிக்கு வந்து, நன்றாக ஆகியிருக்கக்கூடிய ஜோக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வாரம் புதிய ஐந்து நிமிடத்தோடு வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களிடம் பாதி வெந்த ஒரு மணி நேரம் இருக்கும், வெந்த ஒரு நிமிடம் இருக்காது.

அதே ஐந்து நிமிடத்தை வேறு வேறு மேடைகளில் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் சிரிப்பு எதனால் வந்தது என்று தெரியாது. திருத்திய பிறகும் மூன்று வெவ்வேறு அவைகளில் மௌனம் என்றால் அந்த ஜோக்கை நோட்டின் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். அழிக்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து அதற்கு வேறு செட்டப் கிடைக்கும்.

"அதே ஆளுங்க அதே ஜோக்கைக் கேக்குறாங்களே, வெக்கமா இருக்கு" என்பார்கள் சிலர். அங்கே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் பெரும்பாலும் மற்ற காமிக்குகள், உங்களைப் போலவே மேடை ஏறுகிறவர்கள். அவர்கள் சிரிப்பதும் சிரிக்காததும் கணக்கில் வராது.

7. ஐந்து, பத்து, இருபது

எங்கே சொன்னாலும் நிற்கிற ஐந்து நிமிடம் வந்தபிறகு பத்துக்குப் போங்கள். புதிய ஜோக்கைப் பழைய இரண்டு ஜோக்குகளுக்கு நடுவே செருகிச் சோதிப்பது வழக்கம். முன்னால் கிடைத்த சிரிப்பு அதற்குத் துணிச்சல் தரும், தவறினால் பின்னால் வருவது காப்பாற்றும். மிகச் சிறந்த ஜோக்கைக் கடைசிக்கு வையுங்கள், இரண்டாவது சிறந்ததை முதலுக்கு.

மேடைகளும் இதே கணக்கில் வரும். ஓப்பன் மைக்கில் தொடர்ந்து நின்றால், தேர்ந்தெடுத்த சிலர் வரிசையாக ஏறும் லைன்-அப் ஷோவில் எட்டுப் பத்து நிமிட ஸ்பாட் கிடைக்கும். பிறகு மூத்தவர் ஒருவருக்கு ஓப்பனராகப் பத்து, பதினைந்து. ஓப்பனர் வேலை அவையைச் சூடேற்றித் தருவது. அவர் சொல்லப்போகும் தலைப்பைத் தொடாதீர்கள், முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நடுவில் யாராவது ஹோஸ்ட் செய்யக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். முன்னால் ஏறியவர் சொதப்பிய அவையை இரண்டே நிமிடத்தில் மீட்பது வேறெங்கும் கற்க முடியாத பாடம்.

அப்புறம் இருவர் ஆளுக்கு அரை மணி நேரம் பிரித்துக்கொள்ளும் ஷோ. பலர் இதைத் தவிர்த்து நேரே சோலோவுக்கு, அதாவது ஒருவரே நடத்தும் முழு ஷோவுக்கு, தாவுகிறார்கள். முப்பது நிமிடத்தில்தான் உங்கள் ஜோக்குகள் எல்லாமே ஒரே தாளத்தில் இருக்கின்றன என்பது தெரியவரும். ஐந்து நிமிடத்தில் அது தெரியாது, அறுபதில் தாங்காது. கதை, வேகமான ஜோக்குகள், பாட்டு, நடித்துக்காட்டுவது என்று மாற்றி மாற்றி வைக்க இங்கே பழகுங்கள். மென்பொருள் வேலையிலிருந்து வந்த அலெக்சாண்டர் பாபு பாட்டையும் காமெடியையும் பின்னிச் செய்த ஷோ 2019-ல் அமேசான் பிரைமில் வந்தபின் கிட்டாரோடு மேடை ஏறுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பாட வருமென்றால் பாடுங்கள். வராதென்றால் உங்களிடம் வேறு ஏதோ இருக்கும், அதைத் தேடுங்கள்.

இதெல்லாம் எவ்வளவு காலம்? வருடக் கணக்கு. அதற்குமேல் துல்லியமாகச் சொல்கிறவர்கள் வகுப்பு எடுத்துக் காசு பார்க்கிறவர்களாக இருக்கும்.

8. திருட்டும் சட்டமும்

வாட்ஸ்அப் ஃபார்வேர்டு, இன்னொருவர் வீடியோ, ஆங்கில ஸ்பெஷலின் தமிழாக்கம் எதுவும் வேண்டாம். கூட்டத்துக்குத் தெரியாவிட்டாலும் மற்ற காமிக்குகளுக்குத் தெரியும். வாய்ப்பு தருகிறவர்கள் அவர்கள்தான். வடிவேலு வசனத்தைச் சொல்லி வாங்குகிற சிரிப்பு வடிவேலுவுக்கு உரியது. பதிவில் குறி போடும்போது அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-வது பிரிவு சமூகங்களுக்கிடையே பகை வளர்ப்பதையும், 299 மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவதையும், 356 அவதூறையும் பற்றியவை. ஸ்டாண்ட்-அப் காமிக் முனவர் ஃபரூக்கி மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார் வந்து 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானார்; உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5-ல்தான் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. 2025 மார்ச்சில் இன்னொரு காமிக் குணால் காம்ராவின் அரசியல் நையாண்டி வீடியோ வெளியானபின் அது படமான மும்பை அரங்கத்தையே அடித்து நொறுக்கினார்கள். ஆக, அடி உங்களோடு நிற்காது. இடம் கொடுத்தவருக்கும் விழும்.

எதையும் தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் முன்னால் முன்பின்னோடு சொல்வது ஒன்று, அதிலிருந்து முப்பது நொடி வெட்டப்பட்டுச் சுற்றுவது வேறு. அரசியலோ சாதியோ மதமோ பேசுவதானால் அந்தப் பிட் நன்றாக வெந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்ல முடிகிற நிலைக்கு வந்தபின் பதிவு செய்யுங்கள். அதுவரை போனில் படமெடுக்க வேண்டாம் என்று ஹோஸ்டைச் சொல்லச் சொல்லுங்கள். நிறம், உடற்குறை, சாதிப் பெயர் வைத்து அடிக்கும் ஜோக்குகள் வேறு ரகம். அவற்றுக்குக் கேஸ் வருகிறதோ இல்லையோ, எழுதுவதற்குச் சோம்பல் என்பது தெரிந்துவிடும்.

9. பணம்

லைன்-அப் ஸ்பாட்டில் கிடைப்பது ஆரம்பத்தில் போக்குவரத்துச் செலவைத் தாண்டினால் ஆச்சரியம். வீட்டு வாடகை கட்டுவது பெரும்பாலும் கார்ப்பரேட் ஷோ: கம்பெனி ஆண்டுவிழா, டீலர்கள் கூட்டம், அபார்ட்மெண்ட் பொங்கல் விழா. இருபது இருபத்தைந்து நிமிடம் யார் முகமும் சுளிக்காத பொருள் சேர்ந்தபின்தான் இதற்குப் போக வேண்டும். குழந்தைகளும் மேலதிகாரியும் பக்கத்தில் இருக்கும்போது சிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த ஷோக்கள் சொதப்புவதற்கு முக்கால்வாசி காரணம் ஏற்பாடுதான். ஒப்புக்கொள்ளும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் நேரத்தில் பஃபே திறந்திருக்கக் கூடாது, சாப்பாடா நீங்களா என்றால் சாப்பாடுதான் ஜெயிக்கும். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே நடனமாட விட்ட காலியிடம் இருக்கக் கூடாது. கையில் பிடிக்கும் மைக் வேண்டும். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். விருது வழங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்பது தெரிய வேண்டும். சொல்லக்கூடாத பட்டியல் எச்.ஆரிடம் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். யாருக்கு அங்கே வேலை போயிற்று என்பது உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

பாதித் தொகை முன்பணம், மீதி எந்தத் தேதிக்குள் என்பது மின்னஞ்சலில் இருக்கட்டும். கம்பெனிகள் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் தருவார்கள்; உங்கள் பான் கணக்கில் அது வரவாகிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஒரு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள், தலைவலி மிச்சம்.

வேலையை எப்போது விடலாம்? ஒரு வருடம் தொடர்ந்து ஷோ வருமானம் வீட்டுச் செலவைத் தாங்கி, ஆறு மாதச் செலவு தனியாகக் கையிருப்பில் இருக்கும்போது. வைரலான மறுவாரம் விடாதீர்கள். ஒரு வீடியோவுக்கு வந்த கூட்டம் அடுத்த வீடியோவுக்கு வரும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆண்டுவிழாக்களும் வருடம் முழுக்க நடப்பதில்லை.

10. வீடியோ எப்போது

உங்கள் நல்ல ஐந்து நிமிடத்தை முதல் வருடத்திலேயே யூடியூபில் போட்டால் அது மேடைக்குப் பழசாகிவிடும். காசு கொடுத்து வருகிறவர் அதைக் கேட்டிருப்பார். கையில் ஐந்தே நிமிடம் இருக்கிறவருக்கு இது முழு நஷ்டம். நாற்பது நிமிடம் சேர்ந்தபின் அதிலிருந்து ஐந்தைக் கொடுப்பது விளம்பரம்.

அதனால்தான் பலர் கூட்டத்தோடு பேசுகிற க்ரவுட் வொர்க் துண்டுகளைப் போடுகிறார்கள். எழுதிய பொருள் செலவாவதில்லை. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதைப் பார்த்து வருகிறவர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள், எழுதியதைச் சொல்ல விடாமல் முன்வரிசையே பேச ஆரம்பிக்கும். க்ளிப்பில் முகம் தெரிகிறவரிடம் சம்மதமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது மைக்கின் ஒலியை நேராக மிக்ஸரிலிருந்து எடுத்து, அவையின் சிரிப்புக்குத் தனி மைக் வையுங்கள். சிரிப்பு கேட்காத வீடியோவில் நல்ல ஜோக்கும் உளறலாகத் தெரியும். சினிமாப் பாட்டு பாடினாலோ ஓடவிட்டாலோ உரிமைக் கோரிக்கை வந்து விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போனால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

11. சோலோ

அறுபது நிமிடம் சேர்ந்துவிட்டது என்று தோன்றினால் முதலில் ட்ரையல் ஷோ போடுங்கள். டிக்கெட்டைக் குறைத்து வைத்து, 'ட்ரையல்' என்று போஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். வருகிறவர்கள் தெரிந்தேதான் வருவார்கள். எங்கே அவை நெளிகிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாக முப்பதிலிருந்து நாற்பதாவது நிமிடத்துக்குள் ஒரு தொய்வு விழும். உங்கள் உறுதியான பிட் ஒன்றை அங்கே நகர்த்துங்கள்.

அரங்கம் சிறிதாக இருக்கட்டும். ஆழ்வார்பேட்டையில் 'மேடை' என்ற அரங்கம் மாதிரிச் சின்ன இடம் நிரம்பினால் கிடைக்கிற சிரிப்பு, பெரிய சபா அரங்கில் பாதிக் கூட்டத்துக்குக் கிடைக்காது. கணக்கு இப்படிப் போடுங்கள். வாடகை 15,000, ஒலி ஒளி 8,000, ஓப்பனருக்கு 2,000, போஸ்டரும் விளம்பரமும் 3,000 என்று வைத்தால் மொத்தம் 28,000. டிக்கெட் 299, டிக்கெட் விற்கும் தளத்தின் கழிவும் வரியும் போக 240 கையில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 117 டிக்கெட் விற்றால்தான் முதல் தேறும். அரங்கில் 100 இருக்கைதான் என்றால் விலையையோ செலவையோ இப்போதே மாற்ற வேண்டும், ஷோ முடிந்தபிறகு இல்லை. ஓசியில் வருகிற நண்பர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே ஷோவைக் கோவை, மதுரை, பெங்களூரு என்று எடுத்துப் போங்கள். ஊர் மாறும்போது எந்த ஜோக் சென்னைத் தெருப் பெயரை நம்பி நிற்கிறது என்பது தெரியும். அவற்றுக்கு அந்தந்த ஊர்ப் பெயரைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். உள்ளூர்க்காரர் தவறைக் கண்டுபிடித்துவிடுவார். ஊர் பெயர் இல்லாமலே நிற்கும்படி எழுதுங்கள்.

சுற்று முடிந்தபின் முழுதாகப் பதிவு செய்யலாம். வெளியான நாளிலிருந்து அந்த அறுபது நிமிடம் மேடைக்குப் பயன்படாது. அமெரிக்க காமிக் ஜெர்ரி சைன்ஃபெல்ட் தன் பழைய பொருளை 1998-ல் ஒளிபரப்பான ஸ்பெஷலோடு மூட்டை கட்டிவிட்டு, மறுபடி சின்ன க்ளப்புகளில் சில நிமிடங்களோடு ஏறி, நடுவில் மறந்துபோய்த் தடுமாறியதெல்லாம் படமாகவே பதிவாகியிருக்கிறது. அதனால் பதிவுத் தேதிக்கு ஓரிரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் ஒரு மாலை புதிய மூன்று நிமிடத்தோடு ஓப்பன் மைக்கில் பெயர் கொடுக்கத் தொடங்குங்கள். கார்ப்பரேட் ஷோக்களுக்கு என்று வைத்திருக்கும் இருபது நிமிடத்தை மட்டும் பதிவில் சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். புதிய பொருள் வேகும்வரை அதுதான் வாடகை கட்டும்.